ஜெலூல் காலால் மூடிய மணல்

பாலைவனத்தில் இன் சாலா ஊருக்குத் தெற்கே, எரிவாயுக் குழாய் பதிக்கும் முகாமில், பெலாயித்தின் தகர அறைக்குள் மேஸ்திரி கெனான் கதவைத் தட்டாமலே நுழைந்தார். நாற்பது பேரை ஒரே அதட்டலில் அடக்குகிற மனிதர். அன்று உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஐயா, நேத்து வண்டி கவிழ்ந்ததும் ஜெலூலை எல்லார் முன்னாடியும் அறைஞ்சுட்டேன். பதினெட்டு வருஷமா எனக்குக் கீழ வண்டி ஓட்டுறவன், கையைக்கூடத் தூக்கலை. 'என் தப்புதான் அண்ணே'ன்னு நின்னான். ராத்திரி பூரா தூக்கம் வரலை. நிஜமாவே அவன் தப்புதானான்னு நீங்க பார்த்துச் சொல்லணும்."

பெலாயித் காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணையாளர். ஓட்டுநரின் கவனக்குறைவு என்று அவர் எழுதிவிட்டால், ஜெலூல் ஆயுசுக்கும் ஒரு வண்டியில் ஏற முடியாது. அவருடைய உதவியாளர் நஜாத்துக்கோ முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடுகிற வழக்கம்.

"தூங்கியிருப்பான் சார். அவனுக்குக் குழந்தை பிறந்த சேதி வந்து ரெண்டு நாள்தான் ஆகுதாம், ராத்திரி கண்ணே மூடியிருக்க மாட்டான்," என்றாள்.

"அந்தக் குழந்தைக்காகத்தாம்மா நேத்து விருந்தே வச்சேன். என் கையால ரொட்டி சுட்டேன். அவன் சிரிச்ச சிரிப்பைப் பார்க்கணுமே! தூங்குற மூஞ்சியா அது?" என்றார் கெனான்.

மூவரும் பள்ளத்துக்குப் போனார்கள். முந்தின நாள் மூன்று சைடுபூம் வண்டிகள் வரிசையாக நகர்ந்து குழாயைப் பள்ளத்தில் இறக்கிக்கொண்டிருந்தன. புல்டோசர் போன்ற உடம்பு. ஒரு பக்கம் குழாயைத் தூக்கும் நீண்ட கை. மறுபக்கம், பாரத்துக்கு ஈடாக வெளியே தள்ளி வைக்கும் இரும்பு எடை. கடைசி வண்டி ஜெலூலுடையது. சாப்பாட்டுக்குப் பின் கிளப்பிய சற்று நேரத்தில் அது பள்ளத்துக்குள் கவிழ்ந்தது. ஜெலூல் வெளியே குதித்துவிட்டான். கீழே பள்ளத்தில் நின்ற தொழிலாளி குய்தரின் கால் குழாயில் சிக்கி நசுங்கியது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கவிழ்ந்த வண்டியை நஜாத் சுற்றி வந்தாள். அவள் முகம் வாடிவிட்டது. "எடையை முழுசா வெளியே தள்ளித்தான் வச்சிருக்கான் சார். தூங்குறவன் இதைச் செய்யமாட்டான். அப்போ ஓரத்துக்கு ரொம்ப ஒட்டி ஓட்டியிருப்பான்."

"தடத்தைப் பாரு," என்றார் பெலாயித். முன்னால் போன இரண்டு வண்டிகளின் தடத்தின் மேலேயே ஜெலூலின் தடமும் பிசகாமல் வந்திருந்தது. அதைவிடப் பாரமான வண்டிகள் இரண்டும் அங்கே நல்லபடியாகக் கடந்திருந்தன.

"பின்னே அந்தத் திருட்டுத்தனம் எதுக்கு ஐயா?" கெனான் வெடித்தார். "நாங்க எல்லாரும் குய்தரை இழுத்துட்டு இருக்கோம், இவன் பள்ளத்தோட ஓரம் இடிஞ்ச இடத்துல நின்னு காலால மணலைத் தள்ளிட்டு இருக்கான்! அதைப் பார்த்துத்தான் கை நீட்டினேன். முகாமே அவன் எதையோ மறைச்சான்னு எழுதிக் கொடுத்திருக்கு."

"எந்த இடம்?"

கெனான் காட்டினார். நஜாத் மண்டியிட்டுக் கையாலேயே தோண்டினாள். ஒரு முழம் போவதற்குள் மணல் கறுத்தது. கரித்துண்டுகள் வந்தன. சுற்றிலும் மண் பாறையாய் இறுகியிருக்க, அங்கே மட்டும் பொலபொலவென்று சரிந்தது.

பெலாயித்துக்குக் கேட்கவே கூச்சமாக இருந்தது.

"கெனான், ரொட்டியை எங்கே சுட்டீங்க?"

"எங்கே சுடுவேன்? காத்து அடிக்காத இடமாப் பார்த்து, ஜெலூல் வண்டிக்கு முன்னால, குழாய் மறைப்புல. நாற்பது பேருக்கு வேணுமே, உள்ளே நெருப்பு மூட்டிச் சுடப் பெரிய குழியாத்தான்..." அவர் பார்வை நஜாத் தோண்டிய கரியில் விழுந்தது.

"காலையில ரெண்டு வண்டி போனப்போ மண் கெட்டியா இருந்துச்சு. மத்தியானத்துக்கு மேல இல்லை. நடுவுல நடந்தது சாப்பாடு ஒண்ணுதான். சுட்ட பிறகு குழியை என்ன செய்வீங்க?"

"மூடிடுவோம் ஐயா. நெருப்பைத் திறந்து போட்டா யாராவது மிதிச்சுடுவாங்க. அப்படி விட்டுட்டுப் போறது எங்க சனத்துல பெரிய கேவலம். நல்லா மூடி, கையால தடவிச் சமமாக்கிட்டுத்தான் எழுந்தேன்."

"அதனாலதான் ஜெலூல் கண்ணுக்குக் குழி தெரியலை. விருந்தாளின்னு அவனைக் கூடாரத்துல உட்கார வச்சிருப்பீங்க. வண்டி சாய்ஞ்சப்புறம்தான் சாம்பலைப் பார்த்திருக்கான்."

நஜாத் மெல்லக் கேட்டாள்: "அப்போ ஜெலூல் காலால மூடினது தன் தப்பை இல்லையா?"

"இல்லை. மேஸ்திரியோட தப்பை."

ஜெலூலை அழைத்து வந்தார்கள். தோண்டிய கரியைப் பார்த்ததும், பிடிபட்ட திருடனைப் போல அவன்தான் தலை குனிந்தான்.

"ஏண்டா சொல்லலை?" கெனான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். "அறைஞ்சேனேடா உன்னை! அப்போவாவது சொல்லியிருக்கலாமே!"

"என் புள்ளைக்குன்னு உங்க கையால சுட்டுப் போட்டீங்க அண்ணே. அந்த ரொட்டி என் வயித்துல இருக்கும்போதே உங்களை எப்படிக் காட்டிக் கொடுக்கச் சொல்றீங்க?"

"அடிடா என்னை."

"சும்மா இருங்கண்ணே."

கெனான் தலைப்பாகை நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் அழுவதைப் பார்க்க நஜாத்துக்கு வெட்கமாயிருந்தது. காலையிலிருந்து தான் பேசிய பேச்சை நினைத்து இன்னும் வெட்கமாயிருந்தது. கரி ஒட்டிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

மாலையில் கெனான் நாற்பது பேரையும் கூட்டி நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். பிறகு அவர் பெலாயித்திடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ரிப்போர்ட்ல என் பேரை எழுதிடுங்க. வேலை போனாலும் போகட்டும். ஆனா ஆஸ்பத்திரியில குய்தர்கிட்ட... நீங்களே சொல்லிடுங்கய்யா. என்னால அவன் மூஞ்சியைப் பார்க்க முடியாது."

"அது என் வேலை இல்லை," என்றார் பெலாயித். "ஜீப்ல ஏறுங்க."

கெனான் ஏறாமல் நின்றார். ஜெலூல் கதவைத் திறந்து, முதலில் தான் ஏறி, பக்கத்தில் இடம் விட்டான்.

"வாங்கண்ணே. நானும் வரேன்."