ஆயிரத்தில் ஒரு வண்டி

இப்போதெல்லாம் டாக்சியில் ஏறுகிறவர்கள் டிரைவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை என்பது செங்கோடனுக்குத் தீராத எரிச்சல். குடித்திருக்கிறானா, தூங்கினானா, கண் சிவந்து கிடக்கிறதா, எதுவும் கேட்பதில்லை. கதவைத் திறந்ததும் தலையை உள்ளே நீட்டி, ஸ்டியரிங் பக்கத்தில் பச்சையாய் எரியும் எண்ணைப் பார்க்கிறார்கள். பெரிய எண்ணாக இருந்தால் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார்கள். சின்ன எண் என்றால் அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார்கள். சோளக்கொல்லைப் பொம்மையை உட்கார வைத்து ஓட்டினாலும் ஏறுவார்கள் போல.

அந்த எண்ணைக் காட்டும் கருவிக்கு ஆயுள்மானி என்று பெயர். எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் பெல்ட் இன்னும் எத்தனை நாளில் அறும் என்பதை அது சொல்லும். ரப்பர் மரங்களை நோய் தின்று தீர்த்த பிறகு பெல்ட் என்பது தங்கச் சங்கிலி மாதிரி ஆகிவிட்டது. முன்பு போலச் சந்தேகம் வந்தால் மாற்றிக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. மானி பூஜ்யத்தைத் தொட்ட அன்று கணிப்பு நடுவத்துக்குப் போனால் புது பெல்ட் மாட்டுவார்கள். அதற்கு ஒரு நாள் முன்னால் போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சமவெளியில் எல்லாம் மின்வண்டிகள்தான். கொல்லிமலை ஏறுவதற்கு மட்டும் பாசி எண்ணெய் குடிக்கும் பழைய எஞ்சின்கள் இன்னும் ஓடின.

காரவள்ளி அடிவாரத்தில் டாக்சி ஓட்டும் செங்கோடனின் மானி இருநூற்றுப் பன்னிரண்டு காட்டியது. ஆனாலும் அன்றைக்கு அவர் நடுவத்து வாசலில் போய் நின்றார். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் சொட்டியிருந்தது. பெல்ட்டில் எண்ணெய் பட்டால் அரித்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்த கணக்கு. மானியின் எண்ணோ அதற்காக ஒரு நாள்கூடக் கூடுதலாகக் குறையவில்லை. மறுநாள் காலை செம்மேட்டில் இருந்து மகள் யாழினியைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். எழுபது வளைவு. இறங்கும்போது பெல்ட் அறுந்தால் எஞ்சின் அந்த நொடியே செத்துவிடும். ஸ்டியரிங் கல்லாக இறுகும், பிரேக் மிதிபடாது.

"எண்ணெய் சொட்டாத வண்டி இந்த மலையில ஏது மாமா?" கூடவே வந்து நின்றான் அதே ஸ்டாண்டில் ஓட்டும் மாதேஷ். கையில் பாதி தின்ற வடை. "எனக்குந்தான் மூக்கு சொட்டுது. அதுக்குன்னு தலைய மாத்திக்கறதா?"

"உன்ற தலைய மாத்துனா ஊருக்கு நல்லதுதான்டா" என்று சொல்லிவிட்டுச் செங்கோடன் உள்ளே போனார்.

அளவை அதிகாரி நிவேதா பொறுமையான பெண். திருப்பி அனுப்பாமல் வண்டியை உள்ளே விடச் சொல்லி, பெல்ட் மூடியைக் கழற்றியே காட்டினாள்.

"பாருங்கய்யா. துளி எண்ணெய் உள்ள வரல. பெல்ட் புதுசாட்டம் இருக்குது."

"அறுற வரைக்கும் எல்லாமே புதுசாட்டந்தான் இருக்கும் அம்மிணி."

"இருநூத்திப் பன்னெண்டு நாளைக்கு ஒண்ணும் ஆகாதுங்கய்யா."

"சரி, ஒண்ணு கேக்கறேன். அது சொன்ன அன்னிக்கே நீங்க கழட்டிப் போட்டுடறீங்க. கழட்டாம இருந்தா அன்னிக்கு அறுந்திருக்கும்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? இந்தக் கூரை நாளைக்கு விழும்னு நானுஞ் சொல்லுவேன். இன்னைக்கே பிரிச்சுப் போட்டுட்டு, பெரியவர் சொன்னது பலிச்சிருச்சும்பீங்களா?"

நிவேதா திகைக்கவில்லை. நாளும் கேட்கிற கேள்வி போலத்தான் பதில் சொன்னாள்.

"அதுக்கும் ஏற்பாடு இருக்குதுங்களே. மானி கத்துக்கறதே அறுந்த பெல்ட்டைப் பாத்துத்தான். எல்லாரும் சொன்ன நாள்ல மாத்திட்டா அறுந்த பெல்ட்டே கிடைக்காது. அப்பறங் கணக்கு கொஞ்சங் கொஞ்சமாக் கோணிப்போயிரும். அதனால ஆயிரத்துல ஒரு வண்டிய அறுற வரைக்கும் ஓட விடுவாங்க. அந்த வண்டில மட்டும் மானி எண்ணைக் கூட்டிக் காட்டும்."

செங்கோடன் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"ஓட்டறவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா பயந்து பயந்து ஓட்டுவாருங்களே. அது எப்பிடி நெசக் கணக்காகும்? எந்த வண்டின்னு எனக்கே தெரியாதுங்க. தெரிஞ்சா நாங்க சொல்லிப்போடுவோம்னுதான் எங்களுக்கும் சொல்றதில்ல."

"இதுக்கு எவன் ஒத்துக்கிட்டான்?"

"நீங்கதான். மானி மாட்டும்போது கைநாட்டு வச்சீங்களே. எல்லாருந்தான் வச்சோம். என்ற அப்பா வண்டிலயும் மானி இருக்குதுங்கய்யா." அவள் குரல் சற்றுத் தணிந்தது. "முன்னெல்லாம் இந்த மலையில எத்தன வண்டி உருண்டுது, உங்களுக்குத் தெரியாததா? இப்ப எப்பவாச்சும் ஒண்ணு. கூட்டிக் கழிச்சுப் பாத்தா நல்லதுதானுங்களே."

"அந்த ஒண்ணுல உக்காந்திருந்தவங்கிட்டக் கூட்டிக் கழிச்சுக் காட்டுனீங்களா?"

அவள் மூடியைத் திருப்பி மாட்டினாள். நம்பிக்கை இல்லாவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்றாள். இப்போதே புது பெல்ட் மாட்டுவார்கள். மானியைப் பிடுங்கிக்கொள்வார்கள். இனி ஆயுசுக்கும் நடுவத்தில் இருந்து பெல்ட் கிடைக்காது.

"இன்னொன்னுஞ் சொல்லிடறேன். உங்க வண்டி அந்த ஒண்ணா இருந்து நீங்க விலகிட்டா, உங்களுக்குப் பதிலா வேற வண்டிய எடுத்துக்குவாங்க. இதே மலை, இதே மாடல்."

அந்த மாடலில் அந்த மலை ஏறும் வண்டி இன்னும் ஒன்றுதான் இருந்தது. அதன் சொந்தக்காரன் வெளியே நின்று வடையின் மீதியைத் தின்றுகொண்டிருந்தான். செங்கோடன் ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தார். பிறகு எட்டு மாத வயிற்றோடு காத்திருக்கும் மகளை நினைத்தார். கட்டை விரலை நீட்டினார்.

மறுநாள் செம்மேட்டில் யாழினி தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலுமாக வந்து கதவைத் திறந்தாள். தலையை உள்ளே நீட்டினாள். மானி இருந்த இடத்தில் ஓட்டையும் இரண்டு ஒயர் நுனிகளும்தான் இருந்தன.

"அப்பா, நம்பர் எங்க?"

"பிடுங்கியாச்சு. நேத்துதான் புது பெல்ட் மாட்டிருக்குது. என்ற கண்ணு முன்னால மாட்டுனாங்க. ஏறு."

"எத்தன நாளைக்கு வரும்?"

"வர்ற வரைக்கும் வரும்."

"என்னப்பா பேச்சு இது? வயித்துல புள்ளைய வச்சுட்டு நான் எப்பிடி ஏறுவேன்?"

அவர் சொல்லிப் பார்த்தார். ஆயிரத்தில் ஒரு வண்டியைப் பற்றி, எண்ணைக் கூட்டிக் காட்டுவதைப் பற்றி எல்லாம் சொன்னார். யாழினி முழுதும் கேட்டாள். அவள் முட்டாள் இல்லை.

"அப்ப மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதும் நெசம் சொல்லுதில்ல? உங்க வண்டி எதுவுமே சொல்லலியேப்பா."

மாதேஷ் அப்போதுதான் ஒரு சவாரியை இறக்கிவிட்டு அந்தப் பக்கம் வந்தான். அவன் வண்டியில் முந்நூற்று நாற்பது எரிந்தது. யாழினி எட்டிப் பார்த்தாள், ஏறிக்கொண்டாள். செங்கோடன் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தார்.

"மாதேசு, இவள ஏத்தாத. நேத்து நான் விலகிட்டேன். அந்த ஆயிரத்துல ஒண்ணு என்ற வண்டியா இருந்திருந்தா, என்ற இடத்துக்கு உன்ற வண்டியப் போட்டிருப்பாங்கடா."

"ஆயிரத்துல ஒண்ணு மாமா. அது நானாவா இருக்கப் போறேன்?"

"யாரோ ஒருத்தன் இருக்கானில்ல. அவனும் இதத்தான் சொல்லிட்டு ஓட்டறான்."

"கதவ விடுங்க மாமா, நல்ல நேரம் போகுது" என்றான் மாதேஷ் சிரித்துக்கொண்டே.

செங்கோடன் கதவை விட்டார். ஆனால் தன் வண்டியைக் கிளப்பி அவர்களுக்கு முன்னால் கொண்டுபோய் விட்டார். இரண்டாவது கியரில், நடுரோட்டில், மாட்டு வண்டி வேகத்தில் மலை இறங்கினார். பின்னால் பிரேக் போனால் தன் வண்டியின் முதுகில் வந்து முட்டட்டும் என்பது அவர் எண்ணம். மாதேஷ் விடாமல் ஹாரன் அடித்தான். வளைவுகளில் கண்ணாடியில் மகளின் முகம் வந்து வந்து மறைந்தது. போன் அடித்தது.

"அப்பா, ஒதுங்குங்க. எனக்குத் தல சுத்துது."

"சுத்தட்டும்."

"ரோட்டுல எல்லாரும் பாக்கறாங்கப்பா."

"பாக்கட்டும்."

பாதி மலையில்தான் அவருக்கு அந்த நினைப்பு வந்தது. புது பெல்ட்டையும் நடுவம்தானே கொடுத்தது? அது புதிது என்று யார் சொன்னார்கள்? அவர்கள்தான் சொன்னார்கள். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை விட்டு மலைச்சுவர் பக்கமே ஒட்டிப் போனார். முன்னால் போகிறவனாலும் பின்னால் வருகிறவளைக் கொல்ல முடியும் என்று தோன்றிய பிறகு வேகத்தை இன்னும் குறைத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வண்டிகளும் காரவள்ளி வந்து சேர்ந்தன.

"பாத்தீங்களா மாமா?" மாதேஷ் இறங்கி வந்து மானியைக் காட்டினான். "அதே முந்நூத்தி நாப்பது. அறுந்துதா?"

"இன்னைக்கு அறுந்துபோகல."

"உங்களத் திருத்த முடியாது."

யாழினி அப்பன் முகத்தைப் பார்க்காமல் இறங்கினாள். மாதேஷ் இறக்கி வைத்த பையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் பக்கத்துத் தெருவில் இருக்கும் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அதற்குள் ஸ்டாண்டில் நின்ற ஒரு குடும்பம் மாதேஷின் வண்டியைச் சூழ்ந்துகொண்டது. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள். கைக்குழந்தையோடு இருந்த பெண் முதல் ஆளாகத் தலையை உள்ளே நீட்டி எண்ணைப் பார்த்தாள். செங்கோடன் அவள் அருகே போனார்.

"அம்மிணி, இதுல ஏற வேண்டாம். பஸ்ஸுல போங்க. இல்லாட்டி நாளைக்குப் போங்க."

"ஏனுங்?"

"அந்த நம்பர் பொய்யா இருக்கலாம்."

அவள் அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்ற எண் இல்லாத டாக்சியைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"கிராக்கி பிடிக்கறதுக்கு இப்பிடியெல்லாமா பேசுவாங்க? வயசான மனுசன்" என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டே குழந்தையோடு உள்ளே உட்கார்ந்தாள். மாதேஷ் செங்கோடனைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.

செங்கோடன் திரும்பும் வண்டியின் ஜன்னலைப் பார்த்தார். தன் மகள் இறங்கிய இருக்கையில்தான் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மேலே முதல் வளைவில் எஞ்சின் கியர் மாறும் சத்தம் கேட்டது. உறுத்தல் இல்லாத, சீரான சத்தம். அவர் அதை நம்பவில்லை. தன் வண்டியையும் நம்பாமல் சாவியை அதிலேயே விட்டுவிட்டு, மகளின் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மலைக்கு முதுகைக் காட்டி நடந்தார்.