முழங்கால் உயரத்தில் பதினேழு

"மெட்டியக் கழட்டு புள்ள. மிஷினு உன்னையவே பொதையல்னு கத்துது" என்றான் காளிதாஸ். கனகா சிரித்தபடி இரண்டு மெட்டிகளையும் கழற்றிக் கொடுத்தாள். வழக்கம்போல அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில், காவிரியில் குளிக்க வருகிறவர்கள் மணலில் தொலைத்த மோதிரம், தோடுகளை மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடிக் கொடுப்பது அவனுடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. அரைமணி நேரம் கழித்து டிடெக்டரை மட்டும் அவளிடம் கொடுத்துவிட்டு, மெட்டிகள் பையில் இருக்க, கை கழுவ ஆற்றில் இறங்கினான். முழங்கால் அளவு தண்ணீர்தான். அடுத்த அடியில் யாரோ மணல் அள்ளிய பள்ளம் இருந்தது.

பத்தொன்பது நாளாகியும் உடல் கிடைக்கவில்லை. மாமியார் மாதம்மா அழுவதை நிறுத்திவிட்டுக் கனகாவின் வெறும் கால்விரல்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

"புருசன் பக்கத்துல நிக்கையிலயே மெட்டியக் கழட்டுனவ..." என்றாள்.

இருபதாம் நாள் தண்ணீர் வடிந்தது. மைசூர் அக்ரஹாரத்து வாடகை வீட்டிலிருந்து கொழுந்தன் சந்துருவின் ஸ்கூட்டரில் ஏறி, டிடெக்டரை மடியில் வைத்துக்கொண்டு அதே ஆற்றங்கரைக்கு வந்தாள். பழைய பைக் விபத்து ஒன்றுக்குப் பிறகு காளிதாஸின் இடது முழங்காலில் கம்பி வைத்திருந்தார்கள். அதன் அருகே போனால் டிடெக்டர் திரையில் 17 என்ற எண் வரும். வெள்ளி மெட்டிக்கு 74. இரண்டில் ஒன்று மணலுக்குள்ளிருந்து கேட்டால் போதும். எரிக்க ஏதாவது கிடைக்கும்.

மத்தியான வெயிலில் கற்பூரமும் அழுகிய பூமாலையும் ஈரத்துணியும் கலந்த வாடை மணலிலிருந்து எழும்ப, அவள் டிடெக்டரின் வட்டத் தட்டை இடமும் வலமும் வீசிக்கொண்டே நடந்தாள். அது பாட்டில் மூடிக்குக் கத்தியது, பான்பராக் உறைக்குக் கத்தியது, கருமணல் திட்டில் ஒன்றுமே இல்லாமல் விட்டுவிட்டுக் கத்தியது.

"சும்னே, அண்ணி" என்றான் சந்துரு. பொய்ச் சத்தம் வரும்போதெல்லாம் அவன் அண்ணன் சொல்லும் கன்னடச் சொல் அது, சும்மா என்று அர்த்தம்.

பிறகு ஒருமுறை வேறு மாதிரி கேட்டது. 17. வடக்கிலிருந்து வீசினாள், 17. கிழக்கிலிருந்து வீசினாள், அதே இடம், 17. இரண்டு பக்கமும் ஒத்துவந்தால் பொய் இல்லை என்று காளிதாஸ் சொல்லியிருக்கிறான்.

சந்துரு தோண்டினான். இடுப்பளவு குழி. அடியில் ஊற்று சுரந்தது. ஒன்றுமில்லை. அவள் தட்டைக் குழிக்குள் இறக்கினாள். சத்தம் நின்றது. மேலே தூக்கினாள். 17.

மணலில் இல்லை. குழியின் விளிம்பில், அவளுக்கு இடப்பக்கம், காற்றில். முழங்கால் உயரத்தில்.

"மம்பட்டிய அக்கட்டால வெச்சுட்டு வாங்க."

"வெச்சுட்டனுங்க அண்ணி. போனு, சாவிகூட எங்கிட்ட இல்லீங்க." அவன் குரல் மாறியிருந்தது. "நான் தள்ளி நிக்கறனுங்க."

அவன் இருபது அடி தள்ளிப் போனான். சத்தம் போகவில்லை. கனகா ஓரடி நகர்ந்தாள். நின்றது. தட்டை இடப்பக்கம் நீட்டினாள். 17. இன்னும் ஓரடி. நீட்டினாள். 17. காளிதாஸ் எப்போதும் அவளுக்கு அந்தப் பக்கம்தான் நடப்பான்.

டிடெக்டரை அணைத்துவிட்டாள். ஸ்கூட்டரில் ஏறி வீட்டுக்குத் திரும்பினார்கள். தெருமுனையில் சந்துரு, "ஸ்கூட்டரு ஏனோ இன்னிக்கு இழுக்கவே மாட்டேங்குது" என்றான்.

சாயங்காலம் மாதம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். கனகா உள்ளறையில் கட்டிலின் வலது ஓரத்தில் உட்கார்ந்தாள். தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. டிடெக்டரைப் போட்டு இடப்பக்கம் நீட்டினாள்.

17.

"சும்னே" என்றாள் சத்தமாக. அறையில் ஆற்று வாடை.

"ஈரக்காலோட வந்தது ஆருடி?" கூடத்திலிருந்து மாதம்மா கேட்டாள். "வாசல்ல இருந்து உள்ள வரைக்கும் தண்ணி!"

கனகா தன் பாதங்களைப் பார்த்தாள். காய்ந்திருந்தன. மணல் உதிர்ந்தது.

தட்டை மெல்ல உயர்த்தினாள். தொடை. சத்தமில்லை. வயிறு. சத்தமில்லை. இன்னும் மேலே. நெஞ்சு. சட்டைப் பை இருக்கும் இடம்.

கத்தியது. தட்டை இடமும் வலமும் வீசிப் பார்த்தாள். திரையில் 74 அப்படியே இருந்தது.