மான்ட்ரியல் முடிச்சு

எங்கள் தெருவில் பாதி அப்பாக்கள் நாட்டின் மறுகோடியில், எட்மன்டன் பக்கம் எண்ணெய் மணல் சுரங்கங்களில் வேலை பார்க்கிறார்கள். மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. எந்த வீட்டு அப்பா எந்த விமானத்தில் வருகிறார் என்பது எல்லோருக்கும் அத்துப்படி. முக்கியமாக, எதிர்வீட்டு ட்ரீசாவுக்கு.

கீலிக்குப் பத்து வயது. அன்று அவள் அப்பா வரும் நாள். எட்மன்டனிலிருந்து எங்கள் ஊர் செயின்ட் ஜான்ஸ் நாலாயிரம் கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் என்று தம்பிக்குப் புரியவைக்க, ஒரு நூலில் ஐந்து முடிச்சு போட்டாள். நூலின் ஒரு முனை கீழே, குளிர்பெட்டிக் கைப்பிடியில், அது எட்மன்டன். மறுமுனை மேலே, கதவுக் கொக்கியில், அது வீடு. ஐந்து வயது டெக்லன் நூலில் கோத்த காகித விமானத்தை மணிக்கு ஒரு முடிச்சாக நகர்த்தினான்.

நாலரை மணிக்கு அப்பாவிடமிருந்து செய்தி வந்தது. “ஊர்ல ஒரே மூடுபனியாம். வழியில மான்ட்ரியல்ல இறக்கிட்டாங்க.”

விமானம் நான்காம் முடிச்சில் இருந்தது. கையை எடுத்தால் சரிந்துவிடும். அதனால் டெக்லன் பிடித்தபடியே நின்றான்.

“சாப்பிட வாடா.”

“விட்டா அப்பா விழுந்துடுவாரு அக்கா.”

ஏழு மணிக்கு ட்ரீசா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். எங்கள் ஊரில் யாரும் தட்டுவதில்லை. அவள் தட்டவே மாட்டாள்.

“உங்கப்பா எங்கடி? எங்க வீட்டு ஆளு அதே விமானத்துல வந்து, தின்னுட்டு, குறட்டையே விட ஆரம்பிச்சாச்சு!”

“மூடுபனின்னு…”

“எந்த மூடுபனி? வெளியில எட்டிப் பாரு!”

ஜன்னல் வழியே கலங்கரை விளக்கம் பளிச்சென்று தெரிந்தது. ட்ரீசாவுக்கு இன்னும் கேட்க ஆசைதான். கீலியின் முகத்தைப் பார்த்து, அதிசயமாக, வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா மீன் ஆலையிலிருந்து திரும்ப எட்டாகும். கீலியே அப்பாவை அழைத்தாள்.

“அப்பா, எதிர்ல சுவர்க் கடிகாரம் இருக்கா? மணி என்ன?”

“மூணரை. ஏன்?”

ஊருக்கு ஊர் மணி மாறும்; கீலி விரல்விட்டு எண்ணினாள். இங்கே ஏழு. மான்ட்ரியலில் ஐந்தரை. மூன்றரை என்றால் எட்மன்டன்தான்.

“நீங்க கிளம்பவே இல்ல.”

அப்பாவுக்குப் பின்னால் யாரோ, “ஜெர்ரி, சீட்டைப் போடுப்பா!” என்று கத்தினார்கள்.

“அலைச்சலா இருக்குடா. இங்கயே ஓய்வு எடுத்துக்கலாம்னு… தம்பிகிட்ட நீயே ஏதாவது சொல்லிடு, செல்லம்.”

“அவன் ரெண்டரை மணி நேரமா உங்களைப் பிடிச்சிட்டு நிக்கறான். நீங்களே சொல்லுங்க.”

போனைத் தம்பியின் காதில் வைத்தாள்.

அப்பா என்ன சொன்னாரோ, டெக்லன் “ம்” என்றான். கையை எடுத்தான். விமானம் நூலில் வழுக்கிக்கொண்டு போய்க் குளிர்பெட்டியில் முட்டி நின்றது.

“அப்ப நான் இவ்ளோ நேரம் யாரைப் பிடிச்சிருந்தேன் அக்கா?”

கீலி மரத்துப்போன அவன் கையை உள்ளங்கையால் தேய்த்துவிட்டாள். பிறகு உருளைக்கிழங்கும் மீனும் பரிமாறினாள். தட்டின் நடுவே, எல்லாவற்றையும்விடப் பெரிய துண்டு ஒன்று கிடந்தது.

“அது அப்பாவோடது” என்றான் டெக்லன்.

“கிளம்பாதவங்களுக்குப் பங்கு கிடையாது.”

அம்மாவுக்கென்று ஒரு பாதியை மூடி வைத்தாள். மறுபாதியை டெக்லன் துளிகூட மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தான்.