மெழுகிய தரையில் குதிகால்

போடிநாயக்கனூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்குப் பெரும்பாலும் ஓடிப்போன மாப்பிள்ளைகளைத் தேடித்தான் ஆள் வரும். குரங்கணி ஏலக்காய் ஸ்டோர் முதலாளியம்மா மகாராணி மூச்சிரைக்கப் படியேறி வந்தபோது, ஓய்வுபெற்ற ஏட்டு பொன்னுமணி நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டம்மா, ஒரு மூடை காய் காணாமப் போயிக் கெடச்சிருச்சு."

"கெடச்சிருச்சுல்ல? பெறகென்ன?"

"கெடச்ச எடந்தான் வில்லங்கம். வீடு வீடாத் தேடுனப்ப, எங்க ஜார்க்கண்ட் பையன் மங்ரா வீட்டுக் கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. லோடுமேன்கள் அவன அடிச்சுக் கொட்டகையில போட்டுப் பூட்டிட்டாங்க. பொழுது சாயுறதுக்குள்ள போலீசுக்கு அனுப்பலேன்னா, கைய ஒடிச்சிருவோம்னு நிக்கிறாங்க."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"கைசுத்தமான பையன். ஆனா கண்ணால கண்டத எப்படி இல்லேங்கறது?"

பொன்னுமணி கடலைத் தொலியைத் தட்டிவிட்டு எழுந்தார். அவருடைய கொழுந்தனும் ஜீப் டிரைவருமான சின்ராசு அதற்குள் சாவியோடு படியிறங்கிவிட்டான். துப்பு என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

மலைச்சாலையில் ஜீப் ஏறும்போது மகாராணி மீதியைச் சொன்னார். வளைகுடாப் பக்கம் போர் மூண்டு, ஏலக்காய் ஏற்றிப் போகும் கப்பல் எப்போது நிற்குமோ என்ற பயத்தில் ஸ்டோரில் இரவு பகலாக வேலை ஓடுகிறது. இருந்த ஆள் போதாமல் வடக்கிலிருந்து வந்தவர்களையும் சேர்த்தார்கள். வந்த நாள் முதல் உள்ளூர்க்காரர்களுக்கும் அவர்களுக்கும் ஆகவில்லை. டீக்கு டம்ளர்கூடத் தனி.

"இப்பத்தான் ரெண்டு கூட்டமும் ராசியாகி, கூலியக் கூட்டிக் கேக்க நாளைக்கு ஒண்ணா வர்றதாப் பேச்சு. என் மகன் ஜெகதீசு அதை நெனச்சே தூங்கல."

"காய் ரூம் சாவி யார் யார்ட்ட?"

"எங்கிட்ட, ஜெகதீசுட்ட, லோடுமேன் தலைவர் தங்கபாண்டிட்ட. நான் காலையில போடியில ஏலத்துல இருந்தேன்."

ஸ்டோர் முற்றத்தில் கருஞ்சல்லி பரப்பியிருந்தது. காய் ரூம் வாசலில் ஸ்டோரே வாங்கிக்கொடுத்த நீல ரப்பர் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. காயில் மண் படக்கூடாது என்பதால் முதலாளி முதல் கூலியாள் வரை வெறுங்காலோடுதான் உள்ளே போக வேண்டும்.

தங்கபாண்டி முற்றத்தில் வழிமறித்தான். "ஏட்டம்மா, வடக்கத்தியானுக்கு வக்காலத்தா? எங்க சோத்துல மண்ணப் போட வந்தவனுக! நேத்துத்தான் நம்பிக் கை குடுத்தேன். இன்னைக்குப் புத்தியக் காமிச்சுட்டான் பாருங்க."

"கோவப்படாதீங்க தங்கபாண்டி," என்று குறுக்கே வந்தான் ஜெகதீஷ். பேச்சில் அத்தனை பணிவு. "மங்ரா எனக்குத் தம்பி மாதிரி மேடம். எனக்கு எல்லாரும் ஒண்ணுதான். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

சின்ராசு பொன்னுமணியின் காதில் கிசுகிசுத்தான். "மதினி, தங்கபாண்டிதான். மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு."

"மூஞ்சிய விடு, வீட்டப் பாப்போம்."

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு மங்ராவுடையது. அவன் மனைவி சுக்மனி வாசலில் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பொன்னுமணி உள்ளே போனார். ஒரே அறை. சாணமும் செம்மண்ணும் கலந்து மெழுகிய தரை காய்ந்திருந்தது.

"எப்ப மெழுகுனம்மா?"

"காலையில. எங்களுக்குப் பண்டிகை. மேல ஓடையில இருந்து செம்மண் சுமந்து வந்தேன். மெழுகி முடிச்சதும் ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டோம். மூடை எப்படி வந்துச்சு, தெரியாது அம்மா. அவரு திருடல."

கட்டிலிலிருந்து வாசல் வரை தரையில் துடைப்பம் இழுத்த கீறல்கள் ஓடின. போலீசுக்குக் காட்டுவதற்காகக் கட்டிலடியிலேயே விட்டிருந்த மூட்டையைப் பொன்னுமணி குனிந்து புரட்டினார். அது இருந்த இடத்தில், தரையில் ஆழமாக ஒரு செருப்புக் குதிகால் பதிந்திருந்தது.

"காஞ்ச தரையில இப்படிப் பதியாது," என்றார். "ஈரத்துல எவனோ வந்து மூடைய வச்சிட்டு, பின்னாலயே நகந்து தடத்தக் கூட்டி அழிச்சிருக்கான். மூடைக்கு அடியில கூட்ட முடியல."

"எல்லாரும் போடுற அதே செருப்புதான மதினி? யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

"சாவி வச்சிருக்குற எல்லாரையும் இங்கேயே கூப்பிடு. மூடையப் பாத்து அடையாளம் காட்டணும்னு சொல்லு."

முதலில் வந்தவன் தங்கபாண்டி. கோபத்தில் கத்திக்கொண்டேதான் வந்தான். ஆனால் வாசற்படியில் கால் தானாக நின்று செருப்பை உதறியது. அடுத்து ஜெகதீஷ், "சீக்கிரம் முடிச்சிரலாம் மேடம்" என்று சிரித்தபடி உள்ளே வந்தான். பின்னாலேயே மகாராணி. லோடுமேன்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

பொன்னுமணி குதிகால் தடத்தைக் காட்டினார். "மெழுகுன ஈரத்துல செருப்போட வந்த ஆளுதான் மூடைய வச்சது. மங்ரா தன் வீட்டுக்குள்ள, அதுவும் பண்டிகை நாள்ல, பொண்டாட்டி மெழுகுன தரையில செருப்போட வருவானா? அப்ப வேற ஆளு. நம்ம பக்கத்துல சண்டைக்குப் போனாக்கூட வாசல்ல செருப்பக் கழட்டிட்டுத்தான் போவோம். தங்கபாண்டி, நீங்க ஏன் கழட்டுனீங்க?"

தங்கபாண்டி விழித்தான். "இதென்ன கேள்வி? யாரு வீடா இருந்தா என்ன, வீடு வீடுதான?"

"தம்பி ஜெகதீசு, நீங்க கழட்டலையே."

ஜெகதீஷ் சிரித்தான். "செருப்பு போட்டவனெல்லாம் திருடனா மேடம்? அம்மாவுந்தான் போட்டிருக்காங்க."

மகாராணி குனிந்து தன் கால்களைப் பார்த்தார். தோல் செருப்பு. அவர் முகம் சுண்டிப்போனது.

"வாஸ்தவம். அதனால செருப்ப மட்டும் நம்பல," என்றார் பொன்னுமணி. "உங்களது ஒண்ணக் கழட்டிக் கவுத்துங்க."

வாசலில் அத்தனை பேர் நிற்க, மறுக்க வழியில்லை. ஜெகதீஷ் வலது கால் நீலச் செருப்பைக் கழற்றினான். சின்ராசு அதைப் பிடுங்கிப் புரட்டினான். அடிப்பள்ளங்களில் சாணம் கலந்த செம்மண் அடைத்துக் காய்ந்திருந்தது.

"முற்றத்துல கருஞ்சல்லி. இந்தச் செம்மண் சுக்மனி ஓடையில இருந்து கொண்டாந்தது. தரை காஞ்சபெறகு வந்திருந்தா ஒட்டியிருக்காது. காய் ரூமுக்குள்ள ஒரு நாளும் செருப்போட போகாத தம்பி, இங்க மட்டும் போட்டுட்டு வந்திருக்கீங்க. காய்க்குக் குடுத்த மரியாதைய மனுசனுக்குக் குடுக்கத் தோணல."

ஜெகதீஷின் பணிவு எங்கே போனதோ! "கப்பல் நின்னா நாம நடுத்தெருவுலம்மா! இந்த நேரம் பாத்து ரெண்டு கூட்டமும் சேந்து கழுத்தப் பிடிச்சா? பிரிச்சாத்தான் பொழைக்க முடியும்னுதான்…"

"எங்கள வச்சே அவன் கைய ஒடிக்கப் பாத்தீகளா?" என்றான் தங்கபாண்டி. காலையில் மங்ராவின் மேல் விழுந்த முதல் அடி அவனுடையது. அவன் யாரையும் பார்க்காமல் கொட்டகைச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

மகாராணி வாசலுக்குப் போய்த் தன் செருப்பைக் கழற்றி வைத்தார். கண் கலங்கியிருந்தாலும் குரல் கலங்கவில்லை. "சின்ராசு, ஜீப்ப எடுப்பா. போலீசுக்குத்தான் போகணும். ஆளுதான் மாறிப்போச்சு."

தங்கபாண்டியின் தோளைப் பிடித்தபடி மங்ரா வந்தான். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. வழக்கம்போலப் படியில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து சுக்மனியின் தலையைத் தொட்டான். பிறகு தரையைப் பார்த்தான். ஜெகதீஷின் இடது காலில் இன்னும் செருப்பு இருந்தது.

"சார்," என்றான் மங்ரா. "இது வீடு."

ஜெகதீஷ் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தச் செருப்பையும் கழற்றினான்.