மூன்றாம் மெஷின் திக்கவில்லை

அந்தக் கோப்பில் நேற்றைய தேதி இருந்தது. இன்றைய தேதி இருந்திருக்க வேண்டும்.

டிரைவரக்கா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். தேதி மாறுகிற வழியாக இல்லை. மறைக்க நினைத்தாலும் முடியாது. அவள் முதுகுக்குப் பின்னால் நடுவரும் முதலாளியும் நான்கு ஆட்டக்காரர்களும் அதே திரையைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து ராத்திரி யாரோ இந்த மெஷின்ல இதே பாதையை ஓட்டியிருக்காங்க" என்றாள்.

மூன்றாம் எண் மெஷின் அது, கார்ப் பந்தய விளையாட்டு ஓடுகிற கணினி. சற்றுமுன் அதில் உட்கார்ந்து இறுதிப் பந்தயத்தில் ஜெயித்தவள் அவளுடைய சொந்தத் தங்கை. கூடத்துக்கு இரண்டே சாவிகள். ஒன்று முதலாளி வீட்டில், மற்றொன்று டிரைவரக்காவின் கைப்பையில். கூட்டிக் கழித்துப் பார்க்க யாருக்கும் அதிக நேரம் ஆகவில்லை.

டிரைவரக்காவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அந்த விளையாட்டுக் கூடத்தின் மெஷின்களுக்கெல்லாம், திரைக்குப் படம் கொண்டுவரும் கிராபிக்ஸ் டிரைவர் என்ற மென்பொருளைப் போடுகிறவள் என்பதால் வந்த பெயர். மெஷின்கள் அத்தனையிலும் இயங்குதளம் லினக்ஸ். விண்டோஸ் என்ற பேச்சை எடுத்தாலே முதலாளிக்குக் காது கேட்காமல் போய்விடும். விளையாட்டுகளோ விண்டோஸுக்காகச் செய்யப்பட்டவை. இரண்டுக்கும் நடுவில் இணக்க அடுக்கு என்ற மென்பொருள் உட்கார்ந்துகொண்டு, இவன் சொல்வதை அவனுக்கும் அவன் சொல்வதை இவனுக்கும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு காட்சி முதல் தடவையாகத் திரைக்கு வரும்போது அதை மாற்றி முடிக்கும்வரை படம் ஒரு நொடி திக்கி நிற்கும். மாற்றியதை மெஷின் ஒரு கோப்பில் சேமித்து வைத்துக்கொள்ளும். மறுமுறை அதே இடத்தில் திக்காது. டிரைவரை மாற்றினால் சேமித்ததெல்லாம் வீண், திரும்பவும் முதலிலிருந்து திக்க வேண்டியதுதான்.

நேற்று மாலை அவள் பந்தயத்துக்கான நான்கு மெஷின்களிலும் புது டிரைவர் போட்டாள். யாரும் பார்த்திராத பந்தயப் பாதையை நடுவர் அனுப்பியிருந்தார். அதையும் ஏற்றினாள், ஓட்டிப் பார்க்காமல் பூட்டிவிட்டுப் போனாள். இன்று எல்லா மெஷினும் திக்கியிருக்க வேண்டும். மூன்றாம் மெஷின் திக்கவில்லை.

அதை முதலில் கவனித்துச் சொன்னவன் இரண்டாவதாக வந்த மச்சினன். முதலாளியின் மனைவிக்குத் தம்பி, அக்கா வீட்டோடு இருப்பவன், ஊருக்கே அவன் மச்சினன்தான். "எனக்கும் நின்னுச்சு, எல்லாருக்கும் நின்னுச்சு. அவளுக்கு மட்டும் ஏன் சார் நிக்கல?" என்று நடுவரிடம் போய் நின்றான். நியாயமான கேள்வி.

மணி நாலே கால். ஜெயித்தவர் பெயரை நடுவர் ஐந்து மணிக்குள் தொழில்முறை அணி ஒன்றுக்குத் தொலைபேசியில் சொல்லியாக வேண்டும். அந்தப் பெயருக்கு அணியில் இடம். தங்கை மூன்று வருடமாக அந்த இடத்துக்காகத்தான் சோறு தண்ணீர் மறந்து கிடந்தாள். இப்போது இடமும் போகும், அக்காவின் வேலையும் போகும், திருட்டுப் பட்டம் மட்டும் வீட்டுக்கு வரும்.

டிரைவரக்கா ஐந்து மணிவரை அவகாசம் கேட்டாள். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், சரி என்றார்.

அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. எப்போதோ ஒரு மெஷினைக் கழற்றும்போது பையில் போட்ட திருகாணி ஒன்று விரல்களுக்கிடையே உருண்டுகொண்டே இருந்தது. உதிரிச் சாமான் அறைக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

முதலில் பல் டாக்டர். நாலாம் மெஷின். தினமும் அடுத்தவர் வாயைப் பார்த்துச் சலித்தவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பந்தயக்காரர்.

"என்ன ஆச்சு, டாக்டர்?"

"சுரங்கம் முடியற இடத்துல படம் நின்னுடுச்சும்மா. கார் நிக்காதே, அது பாட்டுக்குப் போகுது. படம் திரும்ப வந்தப்போ சுவர் என் மூக்குக்கு முன்னாடி."

ஒன்றாம் மெஷினில் இருந்த சோடாபுட்டியும் அதையேதான் சொன்னான். அவன் முதலில் தன் கண்ணாடியைத்தான் சந்தேகித்தானாம். சுரங்கத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் அப்படியொரு திருப்பம் இருக்கும் என்று யார் கண்டது, பலகைகூட இல்லையே என்று அலுத்துக்கொண்டான்.

மச்சினன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். தனக்கும் மூன்று இடங்களில் படம் நின்றதாகச் சொன்னான். டிரைவரக்கா தன் தங்கைக்காக இப்படி அலைவது தனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னான். ஆனாலும் உண்மை உண்மைதானே என்றான்.

கடைசியில் தங்கை. கதவருகிலேயே நின்றாள். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நேத்து ராத்திரி என் பையிலேர்ந்து சாவியை எடுத்தியா?"

தங்கை கதவின் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எதாவது சொல்லுடி."

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. என் பேரை எடுத்துடச் சொல்லு. உன்னை விட்டுடுவாங்க."

டிரைவரக்கா யோசித்துப் பார்த்தாள். நேற்றுத் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு சீக்கிரமே படுத்துவிட்டாள். பை ஆணியில் தொங்கியது. தங்கை எடுத்திருக்கலாம். எடுத்திருப்பாளோ என்று தன்னால் நினைக்க முடிந்ததே, அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது.

கூடத்துக்கு வந்து மெஷின்களுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். மூன்று, இரண்டு, ஒன்று, திரும்பவும் மூன்று. மேசை ஓரத்தில் ஒரு தகர டப்பா இருந்தது. காலையில் நான்கு பேரும் அதில் கைவிட்டுத்தான் மெஷின் எண்ணை எடுத்தார்கள். தங்கை மூன்றை எடுத்தபோது நடுவரே உரக்கப் படித்தார்.

அவள் நடை நின்றது. திருகாணியும் நின்றது.

நேற்று இரவு ஓட்டியவருக்கு இன்று எந்த மெஷின் கிடைக்கும் என்று தெரியாது. கைக்கு வந்த மெஷினில் உட்கார்ந்திருக்கிறார், அது மூன்றாம் எண்ணாக இருந்திருக்கிறது. திக்காத மெஷின், திருடன் நேற்று எங்கே உட்கார்ந்தான் என்பதைச் சொல்லும். இன்று அவன் யார் என்பதைச் சொல்லாது. பாதையை மெஷின் மட்டுமா சேமித்துக்கொண்டது? ஓட்டியவன் தலையும் அல்லவா சேமித்துக்கொண்டது. அதைத் தேடாமல், மெஷினைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோமே.

பார்வையாளர்களுக்காக எடுத்த வீடியோ இருந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒருபக்கம் திரை, மறுபக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்த கைகள். அவள் ஓடவிட்டாள். சுரங்கம் வந்தது. நிறுத்தி, பின்னால் போய், மீண்டும் ஓடவிட்டாள். பிறகு எல்லாரையும் கூப்பிட்டாள். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"தம்பி, நீங்க மட்டும்தான் அந்தத் திருப்பத்தை ஒரு கீறல் இல்லாம எடுத்தீங்க. என் தங்கச்சிகூட சுவத்துல உரசிட்டா. எதைப் பார்த்துத் திருப்பினீங்க?"

மச்சினன் சிரித்தான். "இது என்ன கேள்வி? திருப்பத்தைப் பார்த்துத்தான்."

"படம்தான் நின்னுடுச்சுன்னு சொன்னீங்களே."

மச்சினனின் சிரிப்பு நின்றது.

அவள் இரண்டாம் மெஷினின் வீடியோவை மெதுவாக ஓட்டினாள். திரையில் சுரங்கத்தின் இருட்டு அப்படியே உறைந்து நின்றது. வெளிச்சமும் இல்லை, திருப்பமும் இல்லை. அந்த இருட்டைப் பார்த்தபடியே மச்சினனின் கைகள் நிதானமாக இடப்பக்கம் திரும்பின. அதன் பிறகுதான் படம் வந்தது. குருட்டு அதிர்ஷ்டம் என்று அவன் முணுமுணுத்தான். அடுத்த திக்கலில் கைகள் வலப்பக்கம் போயின, அதற்கடுத்ததில் மறுபடி இடப்பக்கம். மூன்று தடவையும் கை முந்தியது, படம் பிந்தியது.

பிறகு தங்கையின் வீடியோ. படம் ஓர் இடத்திலும் நிற்கவில்லை, ஆனால் திருப்பம் கண்ணில் பட்ட பிறகுதான் கைகள் பதறின. கார் சுவரை உரசிக்கொண்டு போனது.

"தெரிஞ்சவங்க கை முன்னாடி போகும். தெரியாதவங்க கை பின்னாடி வரும்" என்றாள் டிரைவரக்கா. "படம் நின்னுச்சுன்னு நீங்களே புகார் கொடுக்கலைன்னா நான் இதைத் தேடியே இருக்க மாட்டேன், தம்பி."

முதலாளி மெதுவாகக் கேட்டார்: "சாவி அலமாரியில இருந்துதுன்னு நெனச்சேன். காலையில பார்த்தா சாப்பாட்டு மேசையில கிடந்துச்சு. நீதானாடா?"

மச்சினன் தரையைப் பார்த்தான். ஜெயித்தால்தான் அந்த வீட்டில் தனக்கும் ஒரு மரியாதை என்று நினைத்ததாக, ஏறக்குறைய அழுகிற குரலில் சொன்னான். முதலாளிக்குக் கோபம் வந்ததா வருத்தம் வந்ததா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

நடுவர் தொலைபேசியை எடுத்தார். தங்கை பெயரைச் சொல்லிவிடலாமா என்று கேட்டார்.

சொல்லுங்கள் என்ற வார்த்தை டிரைவரக்காவின் நுனி நாக்குவரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"வேணாம் சார். மெஷின் அவளுக்கு உதவி செஞ்சது உண்மை. அவளுக்குத் தெரியாமச் செஞ்சாலும் உதவி உதவிதான். மச்சினனை விட்டுட்டு மத்த மூணு பேரும் இன்னொரு தடவை ஓட்டட்டும். இப்ப எல்லா மெஷினும் பாதையைப் பார்த்தாச்சு, யாருக்கும் திக்காது."

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து முனகிவிட்டு, கால் மணி நேரம் கூடுதலாகக் கேட்டு வாங்கினார். மறுபடியும் தகர டப்பா குலுங்கியது. தங்கைக்கு இம்முறை ஒன்றாம் எண். நாற்காலியைச் சரிசெய்கிற சாக்கில் டிரைவரக்கா குனிந்தாள்.

"ஏன்டி வாயே திறக்கல?"

"புது டிரைவர் போட்டும் படம் திக்கலைன்னதும் புரிஞ்சுபோச்சு, நீதான் எனக்காக என்னமோ பண்ணிட்டேன்னு. உன் வேலை போயிடுமேன்னு கை நடுங்கிடுச்சு. அதான் உரசிட்டேன்" என்றாள் தங்கை. "நீ?"

"நீ சாவியை எடுத்துட்டேன்னு நெனச்சேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெட்கமாக இருந்தது. தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பந்தயம் தொடங்கியது. டிரைவரக்கா திரையைப் பார்க்கவில்லை, தங்கையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுரங்கத்தின் இருட்டு தங்கையின் முகத்தில் விழுந்தது, பிறகு வெளிச்சம் விழுந்தது. கைகள் நடுங்காமல் இடப்பக்கம் திரும்பின. உரசுகிற சத்தம் கேட்கவே இல்லை.