நிமிர்த்திய வாள்

நியூசாத்தல் ஏரிக்கரையில் இருந்த அந்தப் பழைய கல்வீட்டுக்குத் துஷாந்தன் குடிவந்து அதிக காலமாகவில்லை. கீழே அவனுடைய இரும்புப் பட்டறை. மேலே மனைவி தர்மிகாவும் கைக்குழந்தையும். நவம்பர் பனிமூட்டம் இறங்கிவிட்டால் பட்டப்பகலிலும் ஏரி கண்ணுக்குத் தெரியாது. அலைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அன்று மத்தியானம் பக்கத்து வீட்டுக் கிழவர் ஒரு சாக்குப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். ஏரிச் சேற்றில் அவருடைய தகப்பன் கண்டெடுத்த வாளாம். இரண்டாக மடிந்து கிடந்தது. நேராக்கித் தந்தால் சுவரில் மாட்டலாம் என்றார். கோணல் இரும்பைக் கண்டால் துஷாந்தனுக்குக் கை சும்மா இருக்காது. இவ்வளவு காலம் தண்ணீருக்குள் கிடந்தது துருப்பிடித்து உதிரவில்லையே என்று ஒரு கணம் யோசித்தான். யோசித்ததோடு சரி. உலையில் பழுக்கக் காய்ச்சி, தட்டித் தட்டி நேராக்கிவிட்டான்.

தேத்தண்ணியோடு இறங்கி வந்த தர்மிகா படியிலேயே நின்றுவிட்டாள். மியூசியத்தில் பழம்பொருள் பராமரிக்கிறவள். பிரசவ லீவில் இருந்தாள்.

"நிமித்திப் போட்டீங்களோ?"

"ஓம். ஏன்?"

"அது தானா வளையேல்லை, இஞ்சாருங்கோ. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி இந்த ஏரிக்கரையில இருந்த கெல்ட் சனம் சண்டையில வெண்டா, எதிரியின்ர வாளை வேணுமெண்டே மடிச்சுத்தான் ஏரிக்குள்ள போடுவினம். சாமிக்குக் குடுத்தது. ஒருத்தரும் திரும்ப எடுக்கக்கூடாது." குரலைத் தாழ்த்தினாள். "தோத்தவனும் எடுக்கக்கூடாது."

பட்டறைக்குள் சேற்று நாற்றம் எழுந்தது.

வாசலிலிருந்து வாள் கிடந்த மேசைவரை ஈரக் காலடிகள். வெறுங்கால்கள்.

மேலே பிள்ளை வீரிட்டு அழுதது. "திரும்ப மடியுங்கோ," என்று சொல்லிக்கொண்டே தர்மிகா மேலே ஓடினாள்.

துஷாந்தன் வாளை உலைக்குள் திணித்தான். தணல் சீறி அணைந்தது. சம்மட்டியால் ஓங்கி அடித்தான். வாள் மயிரிழைகூட வளையவில்லை. பிள்ளை மேலே இருக்கிறதே என்ற ஒரே நினைப்புத்தான். இந்தச் சனியன் வீட்டைவிட்டுப் போனால் போதும் என்று வாளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடி, பலம் கொண்டமட்டும் பனிக்குள் வீசினான்.

காத்திருந்தான்.

தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

தோற்றவனின் வாளை மடிக்காமலே எறிந்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பின்னால், வீட்டுக்குள், கல்லில் இரும்பு உரசியது. ஒரு படி. பிறகு அடுத்த படி. மேலே போய்க்கொண்டிருந்தது.

ஓடினான். படியெல்லாம் சேறு. அறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. பிள்ளையின் அழுகை நின்றுவிட்டிருந்தது.

"தர்மிகா..."

கதவுக்கு மிக அருகில் அவள் குரல், மூச்சு மாதிரி வந்தது.

"சத்தம் போடாதேங்கோ. பிள்ளையைக் குனிஞ்சு பாத்துக்கொண்டு நிக்கிறார்."