மறைத்து வைத்த ஐந்து படங்கள்

கனடாவில், மனிடோபாவின் அந்தப் பழைய பண்ணை வீட்டுக்கு மார்னியும் அவள் கணவன் டெரிலும் குடிவந்த அன்றே முதல் பனி விழுந்தது. பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே டெரில் தன் அம்மா அனுப்பிய படச்சட்டத்தைச் சமையலறைச் சுவரில் மாட்டினான். கணினியிலுள்ள குடும்பப் படங்கள் அதில் தானாக மாறி மாறி வரும். குளிர்காலம் முழுக்க அரிசோனா வெயிலில் கிடக்கும் அவன் அம்மா லோயிஸும் அதே படங்களை அங்கிருந்தே பார்ப்பாள். அந்த மாமியார் கண்ணுக்குத் தப்புவது எதுவுமில்லை.

தப்பியவை ஐந்து படங்கள் மட்டும்.

அவற்றை மார்னி பூட்டிய ஆல்பத்தில் வைத்திருந்தாள். அவள் விரல் பட்டால்தான் அது திறக்கும். மகள் டெசாவுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்தது, மூச்சில்லாமல். அப்படிப் பிறக்கும் குழந்தைகளைப் படமெடுத்துத் தரவென்றே ஆஸ்பத்திரிக்கு வரும் ஒரு அம்மாள், மஞ்சள் கம்பளிக் குல்லா மாட்டி, தூங்குவதுபோல் கிடத்தி எடுத்துக் கொடுத்தாள். டெரில் பார்க்கவே மறுத்தான். அழித்துவிடச் சொன்னான். அழித்துவிட்டதாக மார்னி பொய் சொன்னாள். மனசுக்குள் அந்தக் குழந்தைக்கு மேவ் என்று பெயரும் வைத்திருந்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

நவம்பரில் ஒரு மதியம், சமையலறையிலிருந்த கணினித் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. முகங்களைப் பெயர்வாரியாக அடுக்குவதற்கு அது வழக்கமாகக் கேட்பதுதான்.

இருவரும் ஒரே நபரா?

ஒரு பக்கம் மஞ்சள் குல்லாக் குழந்தை. மறுபக்கம், வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் அன்று டெசாவை எடுத்த படத்தின் மூலையில், ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒரு சிறுமி.

கண்கள் மூடியிருந்தன.

பூட்டிய படம் இதன் கையில் எப்படிச் சிக்கியது? மார்னி இல்லை என்று அழுத்தினாள். மறுநாள் வேறொரு படத்தை வைத்துக்கொண்டு அது மறுபடியும் கேட்டது. அந்த வாரமே லோயிஸ் போன் செய்தாள்.

"டெசா பின்னால நிக்கற குட்டி யாரு மார்னி? நின்னுக்கிட்டே தூங்குதே."

பக்கத்து வீட்டுப் பெண் என்று மார்னி சமாளித்தாள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை பக்கத்து வீடே கிடையாது.

பயந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு வந்தது ஆசை. பிழைத்திருந்தால் எப்படி வளர்ந்திருப்பாள் என்று வருஷக்கணக்காக ஏங்கியவள் அவள். இப்போது படத்துக்குப் படம் அந்தச் சிறுமி ஓரடி நெருங்கி வந்துகொண்டிருந்தாள். டெசா பள்ளிவிட்டு வந்ததும் அவளைப் பனியில் நிறுத்திப் படமெடுப்பது மார்னியின் வேலையாகிவிட்டது. பெற்ற பிள்ளையைத் தூண்டில் புழுவாக்குகிறோம் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லு, கண்ணு."

"யாருக்கும்மா இடம் விடச் சொல்றே?"

மார்னி படமெடுத்தாள்.

"அம்மா, கை சில்லுனு இருக்கு."

"கையுறைய மாட்டிக்கோ."

"என் கை இல்லம்மா."

டெசாவை வாசலிலேயே விட்டுவிட்டு மார்னி உள்ளே ஓடிப் படத்தைக் கணினியில் ஏற்றினாள். சமையலறை முழுக்க ஆஸ்பத்திரி சோப்பு வாசனை. டெசாவின் தோளில் தோள் உரச, மஞ்சள் குல்லாவுடன் நின்றாள் அவள்.

இருவரும் ஒரே நபரா?

எந்த இரண்டு முகங்கள் என்று பார்க்காமலே ஆம் என்று அழுத்தினாள். பெயர் கேட்டது. மேவ் என்று எழுதும்போது மார்னிக்கு அழுகை வந்தது. உடனே அடுத்த கேள்வி வந்தது.

இவர் மறைக்கப்பட்டவர். இவருடைய எல்லாப் படங்களையும் மறைக்கவா?

டெரில் பார்த்துவிடக் கூடாது. லோயிஸ் பார்த்துவிடக் கூடாது. மேவ் தனக்கு மட்டுமே சொந்தம். மார்னி யோசிக்கவே இல்லை.

ஆம்.

சுவரிலிருந்த படச்சட்டம் ஒரு கணம் இருண்டு மீண்டும் ஒளிர்ந்தது. டெசாவின் பிறந்தநாள் படம் வந்தது. அதே கேக், அதே மெழுகுவர்த்திகள். ஊதிக்கொண்டிருந்தவள் மட்டும் டெசா இல்லை.

மஞ்சள் குல்லா. கண்கள் திறந்திருந்தன.

வாசல் கதவு திறந்தது. வேலையிலிருந்து வந்த டெரில், ஒரு சிறுமியைத் தோளில் தூக்கிக்கொண்டு நுழைந்து, இறக்கிவிட்டுப் பனியை உதறினான்.

"மேவ், பூட்ஸைக் கழட்டிட்டு வா. அம்மா திட்டுவா."

"டெசா எங்க?" என்று கேட்டாள் மார்னி.

"யாரு டெசா?" என்றான் டெரில்.

சிறுமி மார்னியைப் பார்த்துச் சிரித்தாள். சோப்பு வாசனை நெருங்கி வந்தது.

மார்னி கணினியிடம் ஓடி விரலை வைத்தாள். பூட்டிய ஆல்பம் திறந்தது. தத்தித் தத்தி நடந்த டெசா, பல் விழுந்த டெசா, பள்ளிக்குப் போன டெசா, எல்லாரும் அதற்குள் இருந்தார்கள். எல்லாப் படத்திலும் கண்கள் மூடியிருந்தன.

கடைசிப் படத்தைத் தவிர. அதில் டெசா வாய்விட்டு எதையோ கத்திக்கொண்டு, கையை முன்னால் ஊன்றியிருந்தாள். அந்தக் கைக்கு நேராகத் திரையில் சின்னதாக ஈரக் கைத்தடம்.

மார்னி சட்டைக் கையால் துடைத்தாள். மறுபடியும் அழுத்தித் துடைத்தாள்.

ஈரம் கண்ணாடியின் உள்பக்கத்தில் இருந்தது.